லாய் சாரின் காந்தப்புலம்

ஜியாயி நகரத்தில் லாய் சுங்-யாவ் என்றொரு மனிதர் இருப்பதை அந்த நகரம் இதுவரை கவனித்ததில்லை. அவரும் அதற்காக நகரத்தின் மீது வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வயது ஐம்பத்து மூன்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் இயந்திரம், சொன்ன அளவுக் கதிரைத்தான் தருகிறதா என்று நோயாளிகள் வருவதற்கு முன்பே அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய வேலை. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிசகியதில்லை. பிசகாத காரியத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் டாக்டருக்கு அன்னாசிக் கேக் பெட்டி கொடுப்பார்கள், நர்சுக்குக் கொடுப்பார்கள், லிஃப்ட்டில் பொத்தான் அழுத்தித் தரும் தொண்டர் அம்மாவுக்குக்கூட ஒரு பெட்டி உண்டு. லாய் அந்தப் பெட்டிகளை லிஃப்ட்டில் பார்த்திருக்கிறார்.

மனைவி பி-யுன் வரி அலுவலகத்தில் இருக்கிறார். கணவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில மெஷின் பாக்குறார்" என்பார். இதன் பலனாக இதுவரை மூன்று மின்சாரச் சோற்றுப்பானைகளும் ஒரு முடிவெட்டும் இயந்திரமும் பழுது பார்ப்பதற்காக அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அதில் இரண்டு பானைகளை லாய் சரி செய்தும் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரை "சார்" என்று அழைக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே அன்னாசித் தோட்டங்களை ஒட்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இலக்கியமும் சுற்றுலாவும் வணிகமும் படிக்கிற பிள்ளைகள் ஒரே ஒரு அறிவியல் பாடமாவது தொட்டுவிட்டுப் போகட்டும் என்பது அங்கே விதி. அந்தத் தொடுதலுக்காக வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்து முதல் பத்து மணி வரை "மருத்துவ இயற்பியல் அறிமுகம்" என்ற பாடத்தை லாய் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறார். எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., கதிர்சிகிச்சை. கணக்கு கிடையாது, படங்கள் உண்டு. ஒரு முழங்கால், ஒரு நுரையீரல், வயிற்றுக்குள் இருக்கும்போது எடுத்த அவருடைய மகளின் மங்கலான படம் ஒன்று. அந்த மகள் இப்போது தலைநகர் தைபேயில் வேலைக்குப் போகிறாள்.

எங்கள் ஊர் மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு கேள்விகளால் எடைபோடுவார்கள். இனிப்பா? குளிர்ச்சியா? மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தால் இனிப்பு. வேலை வைக்காமல் விட்டால் குளிர்ச்சி. மாணவர்களின் இணையப் பலகையில் போன ஆண்டு யாரோ லாயின் பாடத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: "இனிப்பும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, ஆனால் சார் நல்லவர்." இதில் கடைசிப் பகுதிதான் பாடத்தைக் கொன்றது என்பது அலுவலகத்தின் கருத்து.

இந்த அரையாண்டுக்கு முன்பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் கை தவறி அழுத்தியவர்கள். இரண்டாம் வார வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலில் இருபது பேர் இல்லையென்றால் பாடம் மூடப்படும். பாடம் மூடினால் பகுதிநேர ஆசிரியரின் நியமனமும் முடிந்தது. பிறகு லாய் சுங்-யாவ் வாரத்தில் ஏழு நாளும் மெஷின் பார்ப்பவர்.

பொதுப்பாட மையத்தின் இயக்குநர் டெங் மேடம் அவரை அழைத்துப் பேசினார். டெங் மேடம் இசைத் துறை. எந்தக் கெட்ட செய்தியையும் நல்ல சுருதியில் சொல்லக்கூடியவர்.

"லாய் சார், உங்க பாடத்துல ஒண்ணும் குறையில்ல. தலைப்புலதான் பிரச்சினை. 'இயற்பியல்'னு இருக்கு. பாத்தவுடனே பிள்ளைங்க ஓடுறாங்க."

"எடுத்துடலாம் மேடம்."

"'மருத்துவ'ன்னு வேற இருக்கு. காலையில எட்டு மணிக்கு யாருக்கு வியாதியப் பத்திக் கேக்கணும்னு தோணும்?"

"அதையும் எடுத்துட்டா 'அறிமுகம்' மட்டும்தான் மிஞ்சும் மேடம்."

டெங் மேடம் அதையும் ஒரு கணம் யோசித்துத்தான் பார்த்தார். "சரி, உள்ள என்னதான் சொல்லித் தர்றீங்க?"

லாய் வரிசையாகச் சொன்னார். எக்ஸ்-ரே, ஒலி அலை, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம்...

"நிறுத்துங்க. அதுதான். 'உடலும் காந்தப்புலமும்'. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

லாய் தலையாட்டினார். அவர் செய்த தவறு அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. இங்கே இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் 'காந்தப்புலம் சேரவில்லை' என்பார்கள். வாடகைக்குப் பார்த்த வீட்டில் முதுகு சில்லிட்டால் அந்த வீட்டின் காந்தப்புலம் சரியில்லை. மூன்று மாதத்தில் டீக்கடையை மூடினால் அந்தத் தெருமுனையின் காந்தப்புலம். லாயே புத்தாண்டு விருந்து முடிந்து திரும்பும்போது, "உங்க அம்மாவுக்கும் எனக்கும் காந்தப்புலம் சேராது" என்று காரில் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டெஸ்லா என்ற அலகில் அளக்கும் காந்தப்புலத்தையும் மாமியாரின் காந்தப்புலத்தையும் அவர் ஒன்றாக நினைத்துப் பார்த்ததே இல்லை. இரண்டும் அவர் தலைக்குள் வெவ்வேறு மாடிகளில் குடியிருந்தன.

தலைப்பை மாற்றும் படிவத்தில் நான்கு முத்திரைகள் விழுந்தன. நான்கு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனால் வாசலில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இடம் இல்லை. அறுபத்தெட்டு பேர். மையத்தின் அலுவலர் ஜுவாங் அக்கா பெரிய அரங்கத்தின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருப்பவர், எதற்கும் அசராதவர். அவரே, "என்ன சார், நடிகர் யாரையாவது கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

லாய் மேடையேறி அரங்கத்தைப் பார்த்தார். ஜியாயியின் இளைஞர்களுக்குள் எம்.ஆர்.ஐ. மீது இப்படியொரு தாகம் இத்தனை காலம் இருந்திருக்கிறது, தலைப்புதான் தடுத்திருக்கிறது என்று ஏறக்குறைய ஒரு நிமிடம் நம்பினார். பிறகு கேட்டார்: "காந்தப்புலம்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணுது?"

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். யென் பெய்-ஷான், சுற்றுலாத் துறை, இரண்டாம் ஆண்டு.

"சார், விடுதியில எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் காந்தப்புலம் சேரவே மாட்டேங்குது. நான் அவள மாத்தணுமா, கட்டில மாத்தணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அறுபத்தேழு பேர் பேனாவை எடுத்தார்கள்.

நேர்மையான மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். லாய் நேர்மையானவர்தான். ஆனால் அவருக்கு முன்னால் அறுபத்தெட்டு முகங்கள் இருந்தன, அத்தனையும் விழித்திருந்தன. பதினோரு ஆண்டுகளில் அந்த நேரத்தில் அவ்வளவு திறந்த கண்களை அவர் பார்த்ததில்லை. "அது கொஞ்சம் விரிவா பேச வேண்டிய விஷயம். அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாடத்திட்டத்தை மிக மெதுவாக வாசித்து இரண்டு மணி நேரத்தை ஓட்டினார்.

அந்த ஒரு வாரம் அவர் புகழோடு வாழ்ந்தார். டெங் மேடம் ஆண்டறிக்கைக்காக நிரம்பிய அரங்கத்தைப் படம் எடுக்கச் சொன்னார். வீட்டில் பி-யுன், கடையில் வாங்கிய வான்கோழிச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே, பல ஆண்டுகளில் முதல் தடவையாக வகுப்பைப் பற்றிக் கேட்டார்.

"அறுபத்தெட்டு பேரா? நிஜமாவா?"

"நிஜமா."

"அதெல்லாம் உனக்குத் தெரியும்னு எங்கிட்ட ஒரு நாள்கூட சொல்லலையே."

"எதெல்லாம்?"

"இந்தக் காந்தப்புலம் பாக்குறது. என் ஆபீஸ்ல என் மேசையக் கொஞ்சம் வந்து பாரேன். அங்க மாத்தினதுலேருந்து எனக்குப் பதவி உயர்வே வரல."

லாய் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மெஷின் பார்ப்பவரிடம் சோற்றுப்பானையைக் கொடுத்தார்கள், அதில் ஒரு நியாயம் இருந்தது.

வியாழக்கிழமை மாலை அவர் பொய் சொல்லத் தயாரானார். இதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. நாற்பத்தெட்டு பேர் விலகினாலும் பாடம் பிழைக்கும், ஆனால் உண்மையைச் சொன்னால் நாற்பத்தெட்டோடு நிற்காது என்பது அவர் கணிப்பு. ஆகவே மனிதர்களின் காந்தப்புலத்தைப் பற்றிப் பத்துப் படங்கள் செய்துவிடலாம் என்று மடிக்கணினியோடு உட்கார்ந்தார். அப்போதுதான் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. அந்தக் காந்தப்புலத்துக்கு அலகு இல்லை. வீட்டு வாசல் பார்ப்பவர்கள் ஒன்று சொன்னார்கள், ராசி பார்ப்பவர்கள் வேறொன்று சொன்னார்கள், அதிர்ஷ்ட வளையல் விற்பவர்கள் இரண்டையும் மறுத்தார்கள். எவ்வளவு இருந்தால் சேரும், எவ்வளவு இருந்தால் சேராது, எதை வைத்து அளப்பது, பிசகினால் யார் கையெழுத்துப் போடுவது? இரண்டு சதவீதத்துக்குள் வாழ்ந்து பழகிய மனிதரால் அலகு இல்லாத பொருளைப் பற்றி ஒரு வரிகூடத் தட்ட முடியவில்லை. பொய்க்கு எல்லாவற்றையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்தது; உண்மைக்குப் பதினோரு ஆண்டுப் படங்கள் கையில் தயாராக இருந்தன. ஒன்பது மணிக்கு அவர் மடிக்கணினியை மூடினார். உலகத்தில் எத்தனை பேர் களைப்பினால் உண்மை பேசியிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

மறுநாள் காலை எட்டு பத்துக்குச் சொல்லிவிட்டார்.

"உங்க இதயத்துக்குக் காந்தப்புலம் இருக்கு. பொய்யில்ல. ஆனா பூமியோட காந்தப்புலத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு அது எட்டாது. மூளையோடது அதவிடக் கம்மி."

"எவ்வளவு கம்மி சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரொம்ப. வீட்டுல ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைக்கிற பொம்மைக்கு உங்களையும் பக்கத்துல இருக்கிறவங்களையும்விட நிறைய இருக்கு. ஒருத்தரோட இன்னொருத்தருக்கு ஒத்துப்போகலைன்னா அது காந்தத்தால இல்ல." பெய்-ஷான் இருந்த பக்கம் பார்த்தார். "கட்டில மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது."

பிறகு முழங்கால் படத்தைப் போட்டார். அரங்கத்தில் மெல்லிய வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. பிள்ளைகள் கைப்பேசியை எடுத்திருந்தார்கள். பாடத்திலிருந்து விலகுவதற்கு இப்போதெல்லாம் எழுந்து போக வேண்டிய அவசியம்கூட இல்லை. லாய் முழங்காலுக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலகினார்கள்.

பத்தே காலுக்கு அவர் ஜுவாங் அக்காவின் அலுவலகத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தார். அக்காவின் கணினித் திரையில் எண்ணிக்கை தெரிந்தது. நாற்பத்து நான்கு.

"என்ன சார் சொன்னீங்க பிள்ளைங்ககிட்ட?"

"உண்மைய."

"மதியம் பன்னெண்டு மணிக்கு மேல சொல்லியிருக்கக் கூடாதா?"

அது நல்ல யோசனை, லாய்க்குத் தோன்றவே இல்லை.

பதினோரு மணிக்கு முப்பத்தொரு பேர். டெங் மேடம் கதவருகே வந்து, "படம் நல்லா வந்திருக்கு லாய் சார், எல்லாரும் எவ்வளவு ஆர்வமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றே காலுக்கு இருபத்தாறு பேர். லாய் இரண்டு தடவை வெந்நீர் பிடித்துக் குடித்தார். இந்த அரையாண்டோடு விட்டுவிட வேண்டும் என்று சென்ற குளிர்காலம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து ஆஸ்பத்திரி இயந்திரத்தை அளந்துவிட்டு, அன்னாசித் தோட்டத்து வழியில் ஸ்கூட்டரை விரட்டி, தூங்குகிறவர்களுக்குப் பாடம் நடத்தி, திரும்ப ஓடுவது ஐம்பத்து மூன்று வயதில் தேவையா என்று கேட்டவர். இப்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்க அவரால் முடியவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு இருபது பேர். பிறகு எண் அசையவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் ஜுவாங் அக்கா. "மிச்சம் இருபது பேரும் தூங்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். யாரும் எழுப்பாம இருந்தா போதும்."

பதினொன்று ஐம்பதுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு பெய்-ஷான் வந்தாள். கையில் கைப்பேசி, காலில் விடுதிச் செருப்பு.

"அக்கா, இது வேலை செய்ய மாட்டேங்குது. ஒரு பாடத்துலேருந்து விலகணும்." பிறகுதான் ஓரத்தில் நின்றவரைப் பார்த்தாள். "ஓ. சார். நீங்களும் இங்கதான் இருக்கீங்களா."

"எந்தப் பாடம்மா?" என்று ஜுவாங் அக்கா தெரியாதவர் போலக் கேட்டார்.

"அது வந்து... வெள்ளிக்கிழமைது."

"நெட் மெதுவா இருக்கு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டுப் பாரு."

"பத்து நிமிஷத்துல மூடிடுவாங்களே அக்கா."

"யார் சொன்னா?" என்றார், மூடும் பொத்தானைக் கையில் வைத்திருந்தவர்.

லாய் கையை நீட்டினார். "கொடு, பாக்குறேன்." அக்கா அவரை முறைத்தார். அவர் கவனிக்கவில்லை. தன் கண்ணெதிரில் ஒரு கருவி வேலை செய்யாமல் இருப்பதை அந்த மனிதரால் தாங்க முடியாது. அது என்ன வேலை செய்யப்போகிறது என்பது அடுத்த விஷயம். "நீ போன அரையாண்டுப் பக்கத்துல நிக்கிற. இப்படி வா. இதோ, இங்க. இத அழுத்தினா விலகிடலாம்."

பெய்-ஷான் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நான் ஒரு கேள்வி கேட்டேன். அவளையும் மாத்த வேணாம், கட்டிலையும் மாத்த வேணாம்னுட்டீங்க. நான் இத வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அவ அப்படி என்ன பண்றா?"

"காலையில அஞ்சரைக்கு முடி காய வைக்கிறா. என் தலைக்குப் பக்கத்துல."

"போய்க் காய வைக்கச் சொல்லு, வெளியில."

"சொன்னா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும்."

"இதுதான் பாடமா சார்?"

"இல்ல" என்றார் லாய். "பாடத்துல முழங்கால்தான்."

அவள் அதை யோசித்தாள். ஜுவாங் அக்கா கடிகாரத்தை யோசித்தார். பிறகு பெய்-ஷான் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இத விட்டா வேற எதுல சேரலாம்? இந்த வருஷம் ஒரு அறிவியல் பாடம் முடிச்சே ஆகணும்."

ஜுவாங் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவசரமே படவில்லை.

"இடம் இருக்கிறது மூணுதான். புள்ளியியல் அறிமுகம். திங்கக்கிழமை காலையில எட்டு பத்து."

"வேற?"

"மண்ணும் நிலச்சரிவும். சனிக்கிழமையில மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மழை பெஞ்சா கண்டிப்பா போவாங்க. ஹெல்மெட் நீ வாங்கிக்கணும்."

"வேற?"

"அன்றாடக் கணிதம். அந்த சார் வாரா வாரம் டெஸ்ட் வைப்பார். உன் மார்க்க வகுப்புல சத்தமா படிப்பார்."

பெய்-ஷான் லாயைப் பார்த்தாள், சந்தையில் கடைசியாக மிஞ்சிய முட்டைக்கோசைப் பார்ப்பது போல. "சார், நீங்க டெஸ்ட் வைப்பீங்களா?"

"ரெண்டு. நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு."

"அட்டெண்டன்ஸுக்குப் பேர் கூப்பிடுவீங்களா?"

ஜுவாங் அக்கா இருமினார். லாய், "கூப்பிடுவேன்" என்றார்.

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

அக்கா இருமுவதைக் கைவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த ஆளைக் காப்பாற்றுவது தன் வேலை விவரத்தில் இல்லை என்பது போல.

திரையில் பதினொன்று ஐம்பத்தாறு. பெய்-ஷான் கட்டைவிரலை எடுத்துக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"சரி. அதுக்கு நீங்களே பரவாயில்ல சார்."

கதவு மூடிக்கொண்டது. பதினோரு ஆண்டுகளில் லாய் சுங்-யாவ் என்ற ஆசிரியரை மூன்று பாடங்களோடு ஒப்பிட்டு, முகத்துக்கு நேரே, எல்லாம் தெரிந்தே ஒருவர் தேர்ந்தெடுத்தது இதுவே முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்கு ஜுவாங் அக்கா பொத்தானை அழுத்தினார். இருபது. பட்டியல் அச்சாகி வந்தது. முத்திரை வைத்து நீட்டினார்.

"இந்தாங்க. பதினாறு வாரம் பாக்கி இருக்கு. சந்தோஷமா இல்லையா சார்?"

"இருக்கு அக்கா" என்றார் லாய். அவர் குரலில் அது தெரியவில்லை. "அடுத்த வாரம் நேரத்துக்கு வரணும்னா நான் நாலரைக்கே எந்திரிக்கணும். ஆஸ்பத்திரியில முதல் தளத்து இயந்திரத்தையும் என் தலையில கட்டிட்டாங்க."

"அப்ப பாடத்த மூடியிருந்தாலே நல்லாயிருந்திருக்கும்."

"ஆமா."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. பட்டியலை மேசையின் ஓரத்தில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, முதல் பெயரிலிருந்து விரலை வைத்து மெல்லிய குரலில் படிக்க ஆரம்பித்தார். பதினாலாவது பெயரில் விரல் நின்றது. பெற்றோர் ஜோசியரைக் கேட்டு அகராதியில் தேடிப்பிடித்து வைக்கிற பெயர்களில் ஒன்று, பார்த்தால் ஒலி தெரியாத, யாருக்கும் பழக்கமில்லாத சீன எழுத்து.

"அக்கா, இத எப்படிப் படிக்கிறது?"

ஜுவாங் அக்கா எட்டிப் பார்த்தார். "தெரியல. 'நீ'ன்னு கூப்பிடுங்க."

லாய் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு பதினைந்தாவது பெயருக்குப் போனார்.